சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

திராட்சைக்காரன் ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பான். "வினிகருக்கா, சார்?" கியூமர்ஸும் ஒவ்வொரு வருஷமும் தொழுகைக்குப் புறப்பட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஆமாப்பா, வினிகருக்குத்தான்" என்பார். ஷிராஸில் இத்தனை வீட்டுக்காரர்கள் வாங்கிப்போகும் கறுப்புத் திராட்சை முழுக்க வினிகர் ஆகியிருந்தால், ஊரே வெள்ளரிக்காய் ஊறுகாய் தின்று வயிறு வெந்து போயிருக்கும். இது போலீஸ்காரனுக்கும் தெரியும், பள்ளிவாசல் பக்கத்து மளிகைக்காரனுக்கும் தெரியும். இருந்தாலும் எங்கள் நாட்டில் குடிக்குத் தடை, வினிகர் என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. எங்கள் ஊரில் மரியாதை உட்கார்ந்த பிறகுதான் உண்மைக்கு நாற்காலி போடுவார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, கியூமர்ஸ் போடும் 'வினிகர்' நன்றாகவே இருக்கும். சந்தை முடியும் நேரத்துக்குப் போய், நசுங்கியதும் காம்பு உதிர்ந்ததுமாக மலிவாக அள்ளி வருவார். குளியலறையில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மிதிப்பார். ஒயின் கொஞ்சம் புளிக்கும், கொஞ்சம் துவர்க்கும். அதை மனைவி ஃபிரூஸே கையில் கொடுத்துவிட்டால் போதும். ஆரஞ்சுத் துண்டு, பட்டை, ஒரு கரண்டி புளிச்செர்ரிப் பாகு என்று எதையாவது போட்டு ஒரு ஜாடியைக் கலக்குவாள். குடித்தவர்கள் இது எந்தக் கடைச் சரக்கு என்று கேட்பார்கள். அவளுக்குக் காசு செலவழிக்காமல் நாலு பேரைச் சந்தோஷப்படுத்துவதில் அப்படி ஒரு பைத்தியம்.

ஒயினைத் தவிர, உலர்திராட்சையை ஊறவைத்து வீட்டுக் குக்கரிலேயே காய்ச்சிய சாராயமும் உண்டு. பார்த்தால் பச்சைத் தண்ணீர், வைத்திருப்பதும் தண்ணீர் பாட்டிலில். ஒருமுறை கியூமர்ஸின் அத்தை அதைத் தெரியாமல் டீ கெட்டிலில் ஊற்றிவிட, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து ஃபிரூஸே தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூலை எடுத்துச் சாராய பாட்டிலின் கழுத்தில் கட்ட ஆரம்பித்தாள். நூல் கட்டியிருந்தால் நம்ம சரக்கு, கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம். வீட்டில் எழுதாத சட்டம் அது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியான விருந்துக்கு ஜஹாங்கீர் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. ஜஹாங்கீர் சரவிளக்குக் கடைக்காரர். அவர் மகள் நூஷீனைத்தான் ஃபிரூஸேயின் தம்பி பஹாதோருக்குப் பேசி முடித்திருந்தார்கள். பஹாதோரை அவள் தம்பி என்று சொல்வதா, மகன் என்று சொல்வதா? அம்மா போனபோது அவனுக்கு ஷூ கயிறு கட்டக்கூடத் தெரியாது. ஃபிரூஸேதான் கட்டிவிட்டாள். இப்போது செல்போன் ரிப்பேர் கடை வைத்துத் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். நூஷீன் பெயரைச் சொன்னாலே காது சிவக்கும் அளவுக்கு விழுந்துகிடந்தான். இந்தக் கல்யாணம் நடந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தாள் ஃபிரூஸே.

ஆனால் ஜஹாங்கீர் தொட்டாற்சிணுங்கி. முன்னே வந்த ஒரு வரனை, தன் தட்டில் பழம் வைக்கும் முன்னால் வேறொருவர் தட்டில் வைத்தார்கள் என்பதற்காகத் தட்டிவிட்டவர். அப்படிப்பட்ட மனிதர் கதவைத் தாண்டும்போதே செய்தித்தாள் சுற்றிய பாட்டில் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார்.

"வெறுங்கையோட வந்தா என் கை என்னையே திட்டும், சம்பந்தி."

"ஐயோ, எதுக்கு இதெல்லாம்! நீங்க வந்ததே பெரிசு. உங்க காலடி எங்க கண்ணு மேல!" என்றார் கியூமர்ஸ். அது எங்கள் ஊர் உபசாரம். தினமும் பத்துப் பேரிடம் சொல்வதுதான். யாரும் அர்த்தத்தை யோசித்துச் சொல்வதில்லை.

செய்தித்தாளைப் பிரித்தால் வெளிநாட்டு லேபிள் ஒட்டிய பாட்டில். பஹாதோர் மெல்ல விசில் அடித்தான். ஃபிரூஸே மட்டும் அந்த லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு கண் ஆஸ்பத்திரியில், வரவேற்பு மேசையில். அந்த வாரம் மட்டும் இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். இரண்டு பேரையும் கைப்பிடித்துத்தான் கூட்டி வந்தார்கள். பெயர் கேட்டால் அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார்கள். டீ குடிக்கும்போது டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மெத்தனால். கண்ணைப் பறிக்கிற விஷச் சாராயம். லேபிள் ஒட்டின பாட்டில்ல அடைச்சு விக்கிறானுங்க, பாவிங்க. கேட்டா, கரண்டியில கொளுத்திப் பாத்தோம், நீலமா எரிஞ்சுதுங்கறாங்க. நல்லதும் நீலமாத்தான் எரியும், விஷமும் நீலமாத்தான் எரியும். இதை யாரு போய் இந்த ஊருக்குச் சொல்றது?"

அதே கரண்டியைத்தான் ஜஹாங்கீர் இப்போது கேட்டார். "அம்மா ஃபிரூஸே, ஒரு கரண்டியும் தீப்பெட்டியும் குடு. திரையை இழுத்து விடு. நான் ஏமாந்து வாங்குற ஆள் இல்லைன்னு எல்லாரும் பாக்கட்டும்."

திரையை இழுத்தார்கள். கரண்டியில் துளி ஊற்றிக் கொளுத்தினார். நீலமாக, சின்னதாக, சத்தமே இல்லாமல் எரிந்தது.

"பாத்தீங்களா! வானம் மாதிரி நீலம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நூஷீன் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து பஹாதோர் சிரித்தான். விருந்தாளி கொண்டுவந்ததை முதலில் திறந்து, எல்லோரும் குடித்து, ஆகா என்று சொல்ல வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் செருப்பால் அடித்ததற்குச் சமம். "இதை வச்சு உன் புதினா கலவையைப் போட்டு எடுத்துட்டு வாம்மா. உன் கைப்பக்குவத்தைப் பத்தி மாப்பிள்ளை ரொம்ப சொல்லியிருக்கான்" என்று பாட்டிலை அவள் கையில் கொடுத்தார் ஜஹாங்கீர்.

சமையலறைக்குள் வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைப் பார்த்தாள். ஜஹாங்கீர் திருகியபோது மூடி எளிதாகத் திறந்த விதமே சரியில்லை. அடியில் ஒட்டியிருக்க வேண்டிய வளையம் அவர் திருகும் முன்னாலேயே விட்டுப்போயிருந்தது. லேபிள் ஓரத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. முகர்ந்தாள். வாசனை என்று பெரிதாக எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் கைப்பிடித்துக் கூட்டி வரப்பட்ட அந்தப் பையன்களின் முகம் கண் முன்னால் வந்தது.

கூடத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாமா? 'சம்பந்தி, நீங்க கொண்டு வந்தது விஷமா இருக்கலாம்.' சொன்னால் முடிந்தது. கல்யாணம் அந்த நிமிஷமே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடும். கியூமர்ஸைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொல்லலாம் என்றால், அந்த மனிதருக்கு வாய்தான் மூடும், முகம் மூடாது. ஐந்தே நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, ஜஹாங்கீரின் சரக்கு முழுவதையும் புனல் வைத்து அதில் ஊற்றினாள். வெளிநாட்டு பாட்டிலை நன்றாகக் கழுவினாள். தங்கள் வீட்டு நூல் கட்டிய பாட்டிலைத் திறந்தாள். ஈரக்கையில் நூல் வழுக்கியது, அதை அவிழ்த்து மேடையில் போட்டாள். அந்த நல்ல சாராயத்தை வெளிநாட்டு பாட்டிலுக்குள் நிரப்பினாள். ஆக, விருந்தாளியின் பாட்டிலிலிருந்துதான் ஊற்றப்போகிறாள். யாருடைய மனமும் நோகாது, யாருடைய கண்ணும் போகாது.

மிச்சமிருந்தது அந்த விஷத்தைச் சிங்க்கில் கொட்டுவது மட்டும்தான். மூடியைத் திருகக் கை வைத்தாள்.

"என்ன ஃபிரூஸே கண்ணு, தனியாக் கெடந்து கஷ்டப்படுற?" ஜஹாங்கீரின் மனைவி மெஹ்ரி உள்ளே வந்துவிட்டாள்.

ஃபிரூஸே பாட்டிலைச் சட்டென்று சிங்க் அடியில், நிஜமான வினிகர் புட்டிகளுக்குப் பின்னால் தள்ளினாள். "நீங்க உக்காருங்க அக்கா, உங்களை யாரு வேலை செய்யச் சொன்னது!"

"வெள்ளரிக்காயாவது துருவித் தரேன். என் கை சும்மா இருந்தா அழுகிடும்."

மெஹ்ரி துருவினாள். ஃபிரூஸே புதினாவும் வினிகரும் போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகை ஜாடியில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டு, மெஹ்ரி பார்க்கப் பார்க்க வெளிநாட்டு பாட்டிலைக் கவிழ்த்தாள்.  

கூடத்தில் ஒரு வாய் குடித்ததும் ஜஹாங்கீர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! நம்ம ஊர் திராட்சை வத்தல் சாராயத்துக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என்ன சொல்றீங்க சம்பந்தி?"

அந்தச் சாராயத்தைத் தன் கையாலேயே காய்ச்சிய கியூமர்ஸ் சப்புக்கொட்டிக்கொண்டு, "இதுக்குக் கிட்ட வந்து நிக்க முடியுமாங்க எங்க சரக்கெல்லாம்?" என்றார். ஃபிரூஸேக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தான், இனிமே குக்கரைச் சோறாக்க விட்டுடுங்க" என்றான் பஹாதோர்.

"போடா, நாளைக்கு வந்து எங்க குக்கர் சரக்குக்குக் கையேந்தப்போறவன் நீதான்."

"எல்லாரும் சொல்லிட்டீங்க இல்ல, போதும்" என்றார் ஜஹாங்கீர். "இதே ஆள்கிட்ட ஒரு பெட்டி வாங்கி வச்சிருக்கேன். கல்யாணத்துக்கு இதுதான் ஊத்தணும். உங்க வாயால கேக்கணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

ஃபிரூஸேயின் சிரிப்பு அடங்கிவிட்டது. "எதுக்கு சம்பந்தி? கல்யாணத்துக்கு எங்க வீட்டு ஒயினே நிறைய இருக்கு" என்றாள். "அதையும் குடிப்போம், இதையும் குடிப்போம்!" என்று அவர் கோப்பையைத் தூக்கினார். சரி, கல்யாணத்துக்கு நாள் கிடக்கிறது, நாளைக்குக் கியூமர்ஸை விட்டுப் பக்குவமாகச் சொல்லச் சொன்னால் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு குங்குமப்பூச் சோறு வந்தது, புளிச்செர்ரி போட்ட ஒயின் வந்தது. பாட்டை மெல்லிசாக வைத்துக்கொண்டு ஆடினார்கள். பஹாதோர் நூஷீனின் கைப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு மாமியார் நடை நடந்து காட்டினான். ஃபிரூஸேயும் மூன்று கோப்பை குடித்தாள், ஆடினாள். இடையில் ஒருமுறை சிங்க் அடி ஞாபகம் வந்தது. அப்போது மெஹ்ரி அங்கே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்புறம் வாசலில் நின்று விடைபெறுவதற்கே பெரும்பாடு ஆகிவிட்டது. அவர்கள் போனதும் படுக்கையில் விழுந்தவள்தான்.

சனிக்கிழமை வாரத்தின் முதல் வேலை நாள். ஆஸ்பத்திரியில் கூட்டம் முண்டியடித்தது. அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டிருந்தான். ஃபிரூஸே பெயர் கேட்டாள். அவன் அவள் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினான்.

அவ்வளவுதான், அவளுக்குச் சிங்க் அடி பாட்டில் ஞாபகம் வந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

"என்னங்க, சிங்க் அடியில ஒரு தண்ணி பாட்டில் இருக்கும். வினிகருக்குப் பின்னாடி. அதை உடனே எடுத்துக் கொட்டுங்க. நூல் கட்டாதது."

"எது? ஓ, அதுவா!" கியூமர்ஸின் குரல் சந்தோஷமாக இருந்தது. "ஏம்மா இவ்வளவு அசால்ட்டா இருக்க? நூல் மேடையில கெடக்கு, பாட்டில் சிங்க் அடியில கெடக்கு. யாராவது தண்ணின்னு குடிச்சிருந்தா? நீ தூங்கிட்ட, நான்தான் பாத்து நூலைக் கட்டி வச்சேன்."

"எங்க வச்சீங்க?"

"பஹாதோர் மறுபடி வந்தான்ல, மிச்சச் சோறு எடுத்துட்டுப் போக. நம்ம சரக்கு ஒண்ணு குடுங்க அத்தான், ராத்திரி கால்பந்து பாக்கணும்னான். குடுத்து அனுப்பினேன். நான் சொல்லலை, கையேந்துவான்னு?"

ஃபிரூஸே படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், என்ன ஆச்சு? ஃபிரூஸே?"

"அது நம்ம சரக்கு இல்லங்க" என்றாள். "அது நம்ம சரக்கே இல்லங்க."

பஹாதோர் மூன்றாவது முறை அழைத்தபோதுதான் எடுத்தான். "அக்கா, மெதுவாப் பேசு. தலையில யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரி இருக்கு."

"நேத்து அத்தான் குடுத்ததைக் குடிச்சியா?"

"ரெண்டு கிளாஸ்தான்... எலுமிச்சம்பழம் போட்டு. மூணா இருக்கலாம். கத்தாதே. ஆமா, இன்னிக்கு ஏன்க்கா இவ்வளவு வெளிச்சமா இருக்கு? திரையெல்லாம் போட்டிருக்கேன். அப்பவும் ரூம் பூரா வெள்ளையா இருக்கு."

 மாடிப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "டேய் கண்ணு, கதவைத் திறந்து வச்சுட்டு உக்காந்திரு. எங்கயும் போகாதே. அக்கா வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழறதுக்கு நேரமில்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, இப்பவே. ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். நல்ல சரக்கு உள்ள இருந்தா விஷம் வேலை செய்யறது தாமதமாகும். உங்க வீட்டுல நம்பிக் குடிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா வழியெல்லாம் குடுத்துக்கிட்டே போ."

நம்பிக் குடிக்கிற மாதிரி! வீட்டில் நூல் கட்டிய பாட்டில் இன்னும் இரண்டு இருந்தன. ஆனால் அந்த நூலை இனி யார் நம்புவது? ஒயின் ஒன்றுதான் வேறெதுவாகவும் இருக்க முடியாதது. கியூமர்ஸ் தன் காலால் மிதித்த ஒயினைத் தெர்மாஸில் நிரப்பிக்கொண்டு காரில் வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

பஹாதோரை அவன் அறையிலிருந்து ஏற்றிக்கொண்டதும், பின் இருக்கையில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஃபிரூஸே ஒயினை ஊட்டினாள். "குடி."

"வேண்டாம்க்கா, குமட்டுது. ஆஸ்பத்திரி வேண்டாம். குடிச்சேன்னு எழுதிக்குவாங்க. நூஷீன் அப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். குடிடா."

"இது புளிக்குது."

"இந்த வருஷத் திராட்சை அப்படி" என்றார் முன்னாலிருந்து கியூமர்ஸ். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நேற்றுவரை சிரிப்பதற்காக ஊற்றிக் கொடுத்ததை இன்று மருந்தாக ஊட்டும்படி ஆகிவிட்டதே என்று ஃபிரூஸேக்கு நெஞ்சு வெடித்தது. கண்ணாடிக்கு வெளியே நல்ல வெயில். அவன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டே வந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் திட்டவில்லை, யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. இளைய டாக்டர் ஒருவர் பஹாதோரின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கழுத்தில் ஊசி குத்திக் குழாயை இயந்திரத்தோடு இணைத்தார்கள். "உயிருக்குப் பயமில்லைன்னு நினைக்கிறேன். நேரத்தோட கொண்டு வந்துட்டீங்க" என்றார் டாக்டர். "கண்ணைப் பத்தி இப்ப என்னைக் கேக்காதீங்க."

மத்தியானம் தாண்டி ஜஹாங்கீர் வந்தார், நூஷீனும் கூட வந்தாள். நூஷீன்தான் போன் மேல் போன் போட்டுக் கியூமர்ஸிடமிருந்து விஷயத்தைக் கறந்திருந்தாள். வந்ததும் பஹாதோரின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அவன், "நூஷீன், மஞ்சள் சட்டையா போட்டிருக்க?" என்று கேட்டான். அவள் போட்டிருந்தது கறுப்பு.

ஜஹாங்கீர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தாலாவது தேவலை. "எந்த பாட்டில்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு பாட்டில்தான்" என்றார் கியூமர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு. "நூல் கட்டியிருந்தது... நான்தான் கட்டினேன்..." 

"குக்கர்ல காய்ச்சினது." ஜஹாங்கீர் பெருமூச்சு விட்டார். "கை தவறிடும், சம்பந்தி. நான் குத்தம் சொல்ல வரலை. ஆனா, என் பொண்ணை எந்த வீட்டுக்குக் குடுக்கிறோம்னு நானும் யோசிக்கணும் இல்லையா? நான் கொண்டுவந்ததையும்தான் எல்லாரும் குடிச்சோம். யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

ஃபிரூஸே எழுந்து நின்றாள்.

"நாம குடிச்சது நீங்க கொண்டுவந்தது இல்ல, சம்பந்தி."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பஹாதோரைத் தவிர. அவன் அவள் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினான். அதைப் பார்த்ததும் அவளுக்கு மீதித் தயக்கமும் போய்விட்டது. பாட்டில் வளையம் விட்டிருந்தது, பசை வழிந்திருந்தது, தான் மாற்றி ஊற்றியது, சிங்க் அடியில் தள்ளியது என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "உங்க மனசு நோகக்கூடாதுன்னு சொல்லாம விட்டேன். நீங்க ஆகான்னு சொன்னது எங்க குக்கர் சரக்கைத்தான். என் தம்பி குடிச்சது உங்களோடது."

ஜஹாங்கீரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு கறுத்தது. "அம்மா ஃபிரூஸே, தம்பி இப்படிக் கெடக்கிறப்ப மனசு எதையாவது பிடிச்சுக்கத்தான் பாக்கும். புரியுது. ஆனா பழியைத் தூக்கி என் தலையில வைக்காதே. கரண்டியில கொளுத்திக் காட்டினேன், நீலமா எரிஞ்சுது. உன் புருஷனே என் சரக்குக்குக் கிட்ட நிக்க முடியாதுன்னார். நீ என் பாட்டில்லேருந்து ஊத்தினதை என் பொண்டாட்டி பக்கத்துல நின்னு பாத்திருக்கா."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அவளே கூட்டி வைத்த சாட்சிகள்தான். கியூமர்ஸ்கூட ஒரு நொடி அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"சரி, நான் பொய் சொல்றேன்னே வச்சுக்கோங்க" என்றாள். "அந்தப் பெட்டியில மிச்சம் எங்க?"

"வீட்டுல பூட்டி வச்சிருக்கேன்."

"எல்லாமா?"

"ஒண்ணைத் தவிர." ஜஹாங்கீர் நிமிர்ந்து நின்றார். "நீங்க எல்லாரும் அவ்வளவு புகழ்ந்தீங்களேன்னு, நேத்துத் திரும்பற வழியில என் அண்ணன் வீட்டுல ஒண்ணு குடுத்துட்டுத்தான் போனேன்."

"அவருக்குப் போன் பண்ணுங்க."

"எதுக்கு?"

"பண்ணுங்க, சம்பந்தி. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"அப்பா, பண்ணுங்கப்பா" என்றாள் நூஷீன்.

"பண்றேன். எல்லாரும் கேக்கிற மாதிரியே பண்றேன். அப்புறமாவது இந்தப் பேச்சு நிக்கட்டும்." அவர் ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கட்டில் ஓரத்தில் நீட்டிப் பிடித்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஃபிரூஸேக்கு மூச்சு திரும்பி வந்தது.

"டேய் ஜஹாங்கீர்!" அண்ணனின் குரல் கணீரென்று இருந்தது. "உனக்குப் போடணும்னுதான் நினைச்சேன். நீ குடுத்தது அமிர்தம்டா! மாதுளம்பழச் சாறுல கலந்து நானும் உன் அண்ணியும் பாதியைக் காலி பண்ணிட்டோம்."

ஜஹாங்கீர் ஃபிரூஸேயைப் பார்த்தார். உதட்டில் ஒரு வெற்றிச் சிரிப்பு வந்தது. "உடம்பு நல்லா இருக்கா அண்ணே?"

"எனக்கென்னடா கேடு? காலையில கொஞ்சம் வயித்தைப் பிரட்டிச்சு, வயசாச்சுல்ல. அண்ணி இன்னும் தூங்குறா. எழுப்பினா முனகுறா, எந்திரிக்க மாட்டேங்குறா. நான் மாடியில புறாவுக்குத் தீனி போட வந்தேன். ஆமா, உங்க பக்கமும் இப்படித்தான் இருக்கா?"

"எப்படி?"

"மூடுபனிடா. இந்த மாசத்துல இப்படி ஒரு பனியை நான் பாத்ததே இல்ல. எதிர்வீட்டு மாடிகூடத் தெரியலை. எல்லாம் வெள்ளையா இருக்கு."

வார்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்து, ஜஹாங்கீரின் ஷூ மேல் பளபளத்துக்கொண்டிருந்தது. அவர் போனைப் பிடித்த கை அப்படியே நின்றது. சிரிப்பு மட்டும் முகத்தில், எடுக்க மறந்த மாதிரி, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.  'நான் சொன்னேன் இல்லையா' என்று கேட்க ஃபிரூஸேக்கு நாக்கு எழவில்லை. நேற்று சமையலறையிலிருந்து கூடத்துக்கு நாலு எட்டு வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, பாவி நான், மரியாதை பார்த்தேனே என்று அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

"ஹலோ? ஜஹாங்கீர்? இருக்கியாடா?" என்றது போன்.

கட்டிலில் கிடந்த பஹாதோர்தான் பேசினான். கண்ணைத் திறந்தபடியே, முகத்தைப் போன் பக்கம் திருப்பினான்.

"பெரியப்பா, அது மூடுபனி இல்ல" என்றான். "படியில இறங்காதீங்க. அங்கயே உக்காருங்க. பெரியம்மாவை எழுப்ப யாராவது வருவாங்க."